குங்குமம் ஒட்டிய தூரக்கண்ணாடி

1

யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

1946-ஆம் வருடம் ஆயுத பூஜையன்று சாயங்காலம், கடலூர்ப் பக்கத்துக் காடாம்புலியூரில் ஒரு துப்பாக்கி என் அம்மாவைக் குறிபார்த்தது. அம்மாவின் பெயர் மங்கலம். நான் அவள் வயிற்றில் இருந்தேன். துப்பாக்கி சுடவில்லை. அதனால்தான் செம்மண்டலத்து வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு உங்களோடு வம்பளக்க முடிகிறது.

ஏன் சுடவில்லை என்பதற்குப் பாதிக் காரணம் கடலூர்க் கடை ஒன்றில் இருக்கிறது. துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்க எந்தத் தூரக்கண்ணாடியை வாங்குவது, அதை எந்தப் பக்கம் மாட்டுவது என்று அங்கே ஒரு பெண்பிள்ளை அடம்பிடித்தாள். ஆகவே கதையை அங்கிருந்து தொடங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தீபாவளிக்குப் பொட்டு வெடிக்கும் பொம்மைத் துப்பாக்கிக்கே காதைப் பொத்திக்கொள்கிற ஆள் நான்.

2

முதல் தொடக்கம்:

"கெடில நதியின்மேல் அந்திச் சூரியன் தன் செங்கதிர்களை—"

வேண்டாம். அன்றைக்குக் கெடிலத்தில் தண்ணீர் ஓடியதா என்றே எனக்குத் தெரியாது.

இரண்டாவது:

"சுப்பராயலு குறி தவறாத மாவீரர். அவர் பெயரைக் கேட்டாலே காட்டுப்பன்றிகள்—"

சுத்தப் பொய். சுப்பராயலு காடாம்புலியூர் விவசாயி. கொஞ்சம் முந்திரித் தோப்பு, கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை.* பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருந்தது. அவர் பெயரைக் கேட்டுப் பயந்த பன்றி எதுவும் கிடையாது.

(* மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. கொல்லை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுப் பின்புறம் இல்லை, மேட்டு நிலம். இதைச் சொல்லாவிட்டால் மதுரைக்காரர்கள் பன்றியைக் கிணற்றடியில் தேடுவார்கள்.)

மூன்றாவது தொடக்கம், இதையே வைத்துக்கொள்கிறேன்:

அந்த வருடக் கோடையில் முந்திரிக்கொட்டை வறுக்கும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் தெறித்து சுப்பராயலுவின் வலது கண்ணில் விழுந்தது. கண் பிழைத்தது, பார்வை பிழைக்கவில்லை. வலக்கைக்காரர், வலது தோளில் துப்பாக்கியை வைத்து வலது கண்ணால் பார்த்தே பழகியவர். இனி அவரால் குறிபார்க்க முடியாது என்பது ஊருக்குத் தெரிவதற்கு முன்பே பன்றிகளுக்குத் தெரிந்துவிட்டது. ஆவணியில் ஒரு கூட்டமே இறங்கி, கொல்லையில் பாதியை உழுததுபோல் புரட்டிப்போட்டுவிட்டுப் போனது. அரிசிக்கு ரேஷன் கடை வாசலில் நிற்கிற காலம். மிச்சமிருந்த பாதிதான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடச் சோறு.

3

துப்பாக்கி எப்படி வந்தது? சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போனது. ஒரு தடவை சுட்டால் காலித் தோட்டாவைத் தானே வெளியே துப்பிவிட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துத் தள்ளத் தேவையில்லை. பன்றி கூட்டமாக வரும்போது அது பெரிய சௌகரியம். தூரக்கண்ணாடி மாட்டினால் ஒற்றைக் கண்ணே போதும் என்று சொன்னவர் சுப்பராயலுவின் மச்சான், சிதம்பரம் ஆனந்தநடராஜன்.

இந்த ஆனந்தநடராஜன் பாத்திரத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. யுத்தத்தின்போது பட்டாளத்தில் சாமான் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தார். சண்டையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் பேச ஆரம்பித்தால் பர்மாவைத் தனியாகப் பிடித்தவர் மாதிரி இருக்கும். இப்படி ஓர் ஆளைக் கதைக்குள் விட்டால் சிரிப்புக்காக நான் கட்டிவிட்டேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அம்மா அவரை அப்படியே நடித்துக் காட்டுவாள், மீசையை முறுக்குவது உட்பட.

4

கடலூர் முதுநகரில் தங்கராசு என்பவரின் துப்பாக்கிக் கடை. சுப்பராயலு, அவர் மனைவி தில்லையம்மாள், அவள் தம்பி ஆனந்தநடராஜன் மூவரும் கரியை எரித்து ஓடுகிற கரி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள். தங்கராசு இரண்டு தூரக்கண்ணாடிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று நீளம், எதையும் பெரிதாக்கிக் காட்டும். மற்றது குட்டை, கொஞ்சம்தான் கிட்டே கொண்டுவரும்.

"பெருசையே வாங்கு மாமா. ஒரு மைலுக்கு அந்தாண்ட நிக்கிற பன்னிக்கு மீசை இருக்குதா இல்லியான்னு பாக்கலாம்" என்றார் ஆனந்தநடராஜன்.

"ஒரு மைலுக்கு அந்தாண்ட நிக்கிற பன்னி நமக்கு எதுக்குடா? நம்ம கொல்லையில நிக்கிறது தெரிஞ்சாப் போதாது?" என்றாள் தில்லையம்மாள்.

தங்கராசுவும் பெரியதைத்தான் தள்ளிவிடப் பார்த்தார். "மிலிட்டரி சரக்கும்மா. மெட்ராஸ்ல கூட கெடைக்காது."

தில்லையம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொழுது சாயும்வரை கடையில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் மங்கியதும் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். பெரியதில் கருப்பாக ஏதோ அசைந்தது. சின்னதில் ஒரு பொம்பளை மீன்கூடையோடு போவது தெரிந்தது. கூடையைத் தாங்கிப் பிடித்த கையும் தெரிந்தது.

"பன்னி உச்சி வெயில்ல வராது. இந்த நேரத்துக்குத்தான் வரும். இந்த நேரத்துக்கு எது தெரியுதோ, அதைக் குடுங்க."

(இந்த வசனம் நான் எழுதியது. அவள் வேறு எப்படியோ சொல்லியிருக்கலாம். ஆனால் சின்னதைத்தான் வாங்கினாள். அது மட்டும் நிச்சயம். அந்தப் பிடிவாதத்துக்கு என் முதல் நன்றி.)

5

அடுத்தது, அதைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கிற கிளாம்பு. ஆனந்தநடராஜன் சொன்னபடி தங்கராசு அதைக் குழாய்க்கு நேர் மேலே, பார்க்க லட்சணமாக மாட்டிக் கொடுத்தார். ஊருக்குக் கொண்டுபோய் முந்திரித் தோப்பில் ஒரு பானையை வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். பானைக்கு ஒன்றும் ஆகவில்லை. காலித் தோட்டா மேல்பக்கமாகத் தெறித்து, தூரக்கண்ணாடியின் அடிவயிற்றில் இடித்து, மறுபடியும் துப்பாக்கிக்குள்ளேயே விழுந்து சிக்கிக்கொண்டது. ரைபிள் வாயைத் திறந்தபடி நின்றது.

மறுபடி கரி பஸ். மறுபடி தங்கராசு.

"அப்படின்னா இடது பக்கமா ஒதுக்கித்தான் மாட்டணும். தோட்டா போறதுக்கு வழி வுடணும்ல" என்றார் அவர். இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். போகட்டும், அவரையும் திட்டுவதற்கில்லை.

ஆனந்தநடராஜனுக்கு மனசு ஒப்பவில்லை. "கோணலா இருக்கும்கா. மாறுகண்ணு வச்ச மாதிரி. பாக்கறவன் சிரிப்பான்."

"நம்ம ஊரு சாமியே ஒரு காலை ஒரு பக்கமாத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் நிக்குது. கோணல்னு எவனாச்சும் சிரிக்கிறானா? சிதம்பரத்துல பொறந்துட்டு பேசற பேச்சைப் பாரு."

தங்கராசு இடது பக்கம் கிளாம்பை வைத்துத் திருகினார். அதுவரை வாயே திறக்காத சுப்பராயலு துப்பாக்கியை வழக்கம்போல் வலது தோளில் வைத்தார். கட்டைமேல் தலையைச் சற்றுச் சாய்த்தார். தூரக்கண்ணாடி நேராக அவருடைய நல்ல கண்ணுக்கு, அந்த இடது கண்ணுக்கு, முன்னால் வந்து நின்றது.

"தில்ல" என்றார். "தெரியுது தில்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல உவமை போடலாம் என்று வெகுநேரம் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு மனிதனுக்குப் போன கண் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

6

இப்போது என் அம்மா.

(இந்தப் பகுதியைத் தள்ளிப்போடத்தான் கிளாம்பைப் பற்றி அவ்வளவு எழுதினேனோ என்னவோ.)

மங்கலம் அதே ஊர். சுப்பராயலுவுக்குத் தூரத்து உறவு. என் அப்பா பழனிவேல் கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தார். வீட்டில் சோறு இல்லை என்பது ஒரு பக்கம். மசக்கையில் பச்சை மல்லாட்டைக்கு நாக்கு அலைந்தது இன்னொரு பக்கம். சுப்பராயலுவின் கொல்லையில் திருடப் போனாள். "திருட" என்று எழுதியதும் பேனா நின்றது, "பொறுக்க" என்று மாற்றலாமா என்று. அம்மாவே சொல்லுவாள்: "திருடத்தான்டி போனேன். உனக்காவத்தான்."

அன்றைக்கு ஏன் போனாள் என்பது முக்கியம். ஆயுத பூஜை. ஏர், மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி வரை எதையும் தொடக் கூடாது. சுப்பராயலு வீட்டில் துப்பாக்கியும் பூஜையில் இருப்பதை அம்மா மத்தியானமே பார்த்துவிட்டு வந்திருந்தாள். இன்றைக்கு அந்தத் துப்பாக்கி எழுந்திருக்காது, காவலுக்கு எவரும் வரமாட்டார்கள். அவள் கணக்கில் தப்பே இல்லை.

ஆனால் சுப்பராயலுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்றிக்கு ஏது ஆயுத பூஜை? தில்லையம்மாள் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

கொல்லையில் பரண்மேல் ஏறி உட்கார்ந்தார். வெளிச்சம் மங்கியது. கோடியில் செடிக்கு நடுவே கருப்பாக ஒன்று குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்தார். விரலைக் கொடுத்தார். இடது கண்ணைக் கண்ணாடியில் வைத்தார்.

எல்லாம் சிவப்பாக இருந்தது.

தில்லையம்மாள் பூஜையில் எதையும் குறை வைக்கிறவள் இல்லை. மண்வெட்டிக்கு ஒரு பொட்டு, அரிவாளுக்கு ஒரு பொட்டு. இதற்குக் கண் இருக்கிறதே என்று தூரக்கண்ணாடியின் முன் கண்ணாடியில் குளிரக் குளிரச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். உலகத்தில் வேறெந்த ஊரிலும் குறிபார்க்கிற கண்ணாடிக்குப் பொட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

சுப்பராயலு பிற்பாடு அம்மாவிடம் சொன்னாராம்: "செவப்பாத் தெரிஞ்சதும் சுட்டுட்டேன்னே நெனச்சிட்டேன் மங்கலம். ரத்தம்தான் தெறிச்சிடுச்சின்னு." விரலை எடுத்தார். துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். அந்த மங்கல் வெளிச்சத்திலும் சின்னக் கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது. கையில் வளையல் தெரிந்தது.

"யா... யாரும்மா அது?"

"நான்தான் மாமா, மங்கலம்."

பரணிலிருந்து இறங்கினார். இறங்கியவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திட்டப்போகிறார் என்று நின்றாள். அவர் திட்டவில்லை. "வா வூட்டுக்கு" என்றார்.

வீட்டு வாசலில் தில்லையம்மாள் நின்றிருந்தாள். புருஷன் கையில் துப்பாக்கியைப் பார்த்தாள். துண்டில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்தாள். அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். சாமி படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, முறத்தை எடுத்து நீட்டினாள்.

"மடியில இருக்கறதை இதுல கொட்டு. பச்சையாத் தின்னா வயித்தை வலிக்கும். உப்புப் போட்டு அவிச்சித் தரேன். இனிமே வேணும்னா வாசல் வழியா வந்து கேளு, என்னா?"

அம்மா அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றாளாம். அந்த உப்பில் எனக்கும் பங்கு உண்டு.

7

முடிவுகள்.

முடிவு அ: சுப்பராயலு மறுநாளே துப்பாக்கியை விற்றுவிட்டார். பார்க்க அழகான முடிவு. ஆனால் நடக்கவில்லை. பன்றிகள் இன்னும் இருந்தன, கொல்லையும் இருந்தது.

முடிவு ஆ: அவர் தொடர்ந்து காவலுக்குப் போனார். ஆனால் சுடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும், "யாரும்மா அங்க?" என்று உரக்கக் குரல் கொடுப்பார். பன்றிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவிடும். அந்தத் துப்பாக்கி அதற்கப்புறம் ஒரு பன்றியையும் கொன்றதில்லை, மல்லாட்டையும் நஷ்டப்பட்டதில்லை. ஊரே சிரித்தது. இது நிஜமாக நடந்தது. நிஜமாக நடந்தது என்பதாலேயே முடிவாக வைக்கத் தயக்கமாக இருக்கிறது, நம்பமாட்டீர்கள்.

முடிவு இ: அவர் சுட்டார்.

நியாயத்துக்காக இதையும் எழுதிப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். தில்லையம்மாள் அன்றைக்கு அவசரத்தில் கண்ணாடியை மறந்து, துப்பாக்கிக் கட்டைக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது தம்பி பேச்சைக் கேட்டுப் பெரிய தூரக்கண்ணாடியை வாங்கிவிட்டாள். கருப்பாக ஏதோ அசைந்தது. "சுப்பராயலு விரலை அழுத்தி—"

முடியவில்லை. வாக்கியத்தை முடித்தால் எழுதுகிற கை இருக்காது.

8

தில்லையம்மாள், சுப்பராயலு, மீசை முறுக்கிய ஆனந்தநடராஜன், தங்கராசு, என் அம்மா, ஒருவரும் இப்போது இல்லை. இருந்திருந்தால் வீடு வீடாகப் போய் விழுந்து கும்பிட்டிருப்பேன். யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், இவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து, அப்படி ஒரு காரியம் செய்கிறோம் என்று தெரியாமலே, என்னை ஒரு தோட்டாவுக்கு இந்தப் பக்கமாக எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள் என்பதுதான்.

ஆகையால் முடிவை உங்களிடமே கொடுக்கிறேன். கடைசி வாக்கியத்தில் பாதியை நான் எழுதிவிட்டேன், மீதி உங்களுடையது. இஷ்டப்படி முடிக்கலாம், நான் குறுக்கே வரமாட்டேன்.

"சுப்பராயலு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி இடது கண்ணை வைத்தார், அங்கே—"

ஒரே ஒரு வேண்டுகோள். அவசரப்படாமல் எழுதுங்கள். நீங்கள் எழுதி முடிக்கிறவரைக்கும் என் அம்மா அங்கே குனிந்துதான் இருப்பாள்.