கேள்வி கேட்டால் காரா பன்

என் பெயர் கவியரசன். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் ஆற்காடு. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டுக்கு மட்டும் சொல்ல நினைத்த விஷயம் இது. எல்லோரும் படிக்கட்டும்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம். டாக்டர் சொன்னதை யாராவது திருப்பிக் கேட்டால், அன்று மாலை அவர்தான் எல்லோருக்கும் பேக்கரியில் மிளகாய் போட்ட காரா பன் வாங்க வேண்டும். விளையாட்டாகத்தான் தொடங்கியது. சேர்ந்த புதிதில் நானும் வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் காலை டாக்டர் அனந்தபத்மநாபன், குடலிறக்க ஆபரேஷன் ஆன கட்டட மேஸ்திரி பெருமாள்சாமிக்குப் பென்சிலின் ஊசி போடச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நர்ஸ் சிந்தியா ஊசியோடு போனதும் மேஸ்திரி கையை இழுத்துக்கொண்டார்.

"சிஸ்டரம்மா, முன்னாடி ஓசூர்ல ஏதோ ஊசி போட்டப்ப உடம்பெல்லாம் தடிச்சி மூச்சே முட்டிச்சி. இது அது இல்லியே?"

நான் அப்போது மருந்து அறையில் இருந்தேன். இதைப் பிறகு சிந்தியாதான் சொன்னாள். அவள் படிக்கட்டுக்கு ஓடியிருக்கிறாள். ஹெட் சிஸ்டர் மௌரீன் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, இன்னிக்கு பன் உன்னோடதா? வெண்ணெ பிஸ்கெட்டும் சேத்து வாங்கிடு!"

வார்டே சிரித்தது. கீழ்ப்படியில் நின்ற டாக்டரும் சிரித்தார். "ஏனு சிந்தியா, என்ன மறுபடியும் டவுட்டா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்று அவள் திரும்பிப் போய் ஊசியைப் போட்டாள்.

ஊசி பாதி ஏறுவதற்குள் மேஸ்திரியின் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. கூச்சல் கேட்டு டாக்டர் ஓடிவந்தார். ஒவ்வாமையை அடக்கும் ஊசி, ஆக்ஸிஜன் என்று எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்தோம். மேஸ்திரியின் மனைவி மரகதம் சுவரோடு ஒட்டி, தாலியைப் பிடித்தபடி நின்றாள். மெல்ல மெல்லத்தான் அவருக்கு மூச்சு சீரானது.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" டாக்டர் கத்தினார்.

"கேக்கத்தான் வந்தேன் டாக்டர். சிரிச்சீங்க."

மௌரீன் சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் டாக்டரே பேக்கரிப் பொட்டலத்தோடு வந்தார். "நானும் அந்த மனுஷன ஒரு வார்த்த கேக்கல. இனிமே கேள்வி கேக்கறவங்களுக்கு நான் வாங்கித் தரேன்" என்று சிந்தியாவிடம் ஒரு பன்னை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "மொதல்ல மேஸ்திரிகிட்டயும் அந்தம்மாகிட்டயும் என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டு வாங்க டாக்டர்."

பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் மேஸ்திரியின் கட்டிலுக்குப் போனார்.

கேள்வி கேட்கக் கூசுகிற இடத்தில் நோயாளியின் உயிருக்குக் காவல் இல்லை. படிக்கிறவர்களே, நர்ஸ் இரண்டாம் தடவை கேட்டால் தயவுசெய்து சலித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்பதை நீங்களும் சத்தமாகச் சொல்லுங்கள்.