ஆறு ஓட்டைக் குண்டான்

விடுமுறை நாள் காலை ஆறரை மணிக்குப் பார்சலம்மா முக்காலி போட்டு ஏறிப் பரணுக்குள் தலையை விட்டாள். ஐந்து நிமிடம் கழித்துத் தலையை வெளியே எடுத்தாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் தூங்கிக்கொண்டிருந்தது அவள் கணவரின் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டமும் அரை நிமிடம்தான் நீடித்தது.

"ஏங்க! எந்திரிங்க. குண்டானைக் காணோம்."

பார்சலம்மா என்பது அடுக்குமாடியில் இருப்பவர்கள் வைத்த பெயர். தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பொருளைக் கையில் தூக்கினால் போதும், எடை சொல்லிவிடுவாள். தராசு அதற்குப் பிறகு ஆமாம் போடும். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கும் அவர்களே வைத்த பெயர் பாதிவிலை. யார் என்ன வாங்கிவந்து காட்டினாலும், "அடடா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதி விலைக்கு முடிச்சிருப்பேனே" என்பார். சொன்னபடி முடிக்கவும் செய்வார். விலை பாதியாக இருந்தால் பொருளும் பாதிதான் வேலை செய்யும் என்பது மட்டும் அந்த மனிதருக்கு உறைக்கவே உறைக்காது. வீட்டுக் கடிகாரம் மல்லாக்கப் படுக்க வைத்தால்தான் ஓடும். போன மழைக்கு வாங்கிய குடை விரியும், ஆனால் மடங்காது. அந்தக் குடையோடு அவர் பஸ்ஸுக்குள் ஏறப் பார்த்த கதையை அந்தத் தெருவே சொல்லிச் சிரிக்கும்.

இரண்டே அறை உள்ள வீடு. இப்படியே போனால் நாம் படியில் படுக்க வேண்டியதுதான் என்று ஒருநாள் பார்சலம்மா சட்டம் போட்டாள். ஒரு சாமான் உள்ளே வந்தால் ஒரு சாமான் வெளியே போக வேண்டும். பாதிவிலை அந்தச் சட்டத்தை இன்றுவரை மீறியதில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"எந்தக் குண்டான்?" என்று கண்ணைக் கசக்கினார் பாதிவிலை.

"எங்க அம்மா குண்டான். சாக்குத் துணியில போட்டுத் தைச்சு மேல வச்சிருந்தேனே."

பாதிவிலைக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "அந்த மூட்டையா? அதுக்குள்ள குண்டானா இருந்துச்சு?"

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"மூணு வாரம் முன்னாடி செருப்பு அலமாரி வந்துச்சுல்ல... அன்னிக்கு நீதானே போன்ல..."

"நான் ஒண்ணும் சொல்லல. வாயைத் திறக்காதீங்க. சட்டையைப் போடுங்க, கிளம்புங்க."

குண்டான் ஒன்றும் வெள்ளியோ தங்கமோ அல்ல. அடிகனமான அலுமினியம், ஒரு காதுப் பக்கம் நசுங்கியிருக்கும். ஆனால் போன வருடம் அம்மா போன பிறகு பார்சலம்மாவும் அவள் அக்காவும் கேட்டது அதை மட்டும்தான். விடுமுறை நாளென்றால் அம்மா அதில்தான் கறியையும் கிழங்கையும் போட்டு மூன்று மணி நேரம் இளந்தீயில் வேகவிடுவாள். நியாயமாகப் பார்த்தால் பெரிய குடும்பம் அக்காவுடையது. அவளுக்குத்தான் அது போயிருக்க வேண்டும். அக்கா விட்டுக்கொடுத்தாள். "வருஷத்துக்கு ஒரு தடவை நாம ரெண்டு பேரும் சேர்ந்து அதுல சமைக்கணும். எனக்கு அது போதும். ஆனா ஒண்ணு, உன்னை நம்பித்தான் தரேன். உன் வீட்டுக்காரரை நம்பித் தரல. அவர் கையில கிடைச்சா அடுத்த நாளே சந்தைக்குப் போயிடும்" என்றாள். பார்சலம்மாவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும், "அவர் கை அதுல படாதுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த ஒரு தடவை இன்றைக்குத்தான். அக்கா பதினோரு மணிக்கு வருகிறாள். அத்தானும் பிள்ளைகளும் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.

பழைய சாமான் சந்தை பஸ் டிப்போவின் பின்பக்கச் சுவரை ஒட்டி நீளும். விடுமுறை நாளில் ஊரே அங்கேதான் நிற்கும். பூட்டு இல்லாத சாவிகள் ஒரு பெட்டி நிறைய, ஜோடி இல்லாத ஷூக்கள், தலை போன மேஜைவிளக்கு, மூடி இல்லாத ஜாடி, ஜாடி இல்லாத மூடி. உருப்படியாக ஒன்றுகூட கண்ணில் படவில்லை பார்சலம்மாவுக்கு. பாதிவிலைக்கோ எல்லாமே பட்டது. அவர் நடந்து போகப் போக, "வாங்க சார், உங்களுக்காகவே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்று இரண்டு பக்கமும் குரல் கிளம்பியது. மாப்பிள்ளை ஊர்வலம் போவதுபோல் சிரித்துச் சிரித்துப் போனார் மனிதர்.

"இந்த டோஸ்டரைப் பாரேன். ஒரு பக்கம் நல்லாவே சூடாகுதாம்."

"ஏங்க, என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க. மூட்டையை யார்கிட்ட குடுத்தீங்க, அதைச் சொல்லுங்க."

கொடுத்தது ரெட்டைக்கண்ணாடியிடம். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, இரண்டிலும் தூசி. செருப்பு அலமாரியை விற்றவரும் அவரேதான். பார்சலம்மா அவர் முன்னால் போய் இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் ஒரு மூட்டை குடுத்தாராமே. உள்ள என்ன இருக்குன்னுகூடப் பாக்காம வாங்குவீங்களா? கொண்டுவந்தவருக்குத்தான் புத்தி இல்ல. உங்களுக்கு வேணாமா?"

ரெட்டைக்கண்ணாடி பதற்றப்படவே இல்லை. "அம்மா, அன்னிக்கு போன்ல பேசினது நீங்கதானே? குரல் அப்படியே இருக்கு."

"என்ன போன்?"

"சாருக்குக் கையில கிரீஸ். போனை ஸ்பீக்கர்ல போட்டு இங்கதான் வச்சார். சுத்தி எல்லாருமே கேட்டோம். சார் சொன்னார், மூட்டையைப் பிரிச்சுப் பாத்துட்டுக் குடுக்கறேன்னு. நீங்கதான், 'பிரிக்கவே கூடாது, பிரிச்சா நீங்க எதையும் விடமாட்டீங்க, ஒரு வருஷமா நான் அதைத் தொடல, தொடாதது வேண்டாததுதான், அப்படியே குடுத்துட்டு வாங்க'ன்னு சத்தம் போட்டீங்க. சார் ரெண்டு தடவை கேட்டார். ரெண்டாவது தடவை நீங்க போனையே வச்சுட்டீங்க."

பார்சலம்மாவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கவுண்டரில் நாற்பது பேர் வரிசை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். கையில் யாருடையதோ பார்சல், முகவரி எழுதாதது. முகவரி எழுதாமல் கொண்டுவந்தால் நான் எப்படி எடுத்துக்கொள்வேன் என்று அந்த ஆளை ஏசிக்கொண்டே, இந்தப் பக்கம் கணவரையும் ஏசினாள். செருப்பு அலமாரி கேட்டது அவள். மூட்டையைக் கொடுக்கச் சொன்னதும் அவள். தன் கையாலேயே சாக்கில் போட்டுச் சுற்றித் தைத்தவளுக்கு, அதன்மேல் ஒரு சொல் எழுதி வைக்கத் தோன்றவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் மறந்துவிட்டாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாதிவிலை சாவிப் பெட்டிக்குள் கையை விட்டு எதையோ தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். நான்தான் சொன்னேனே என்று ஒரு பார்வைகூட இல்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு வந்தாலாவது திருப்பிச் சண்டை போடலாம்.

"யாருக்கு வித்தீங்க?" என்றாள் குரலை இறக்கி.

"கடைசியில செடிக்காரம்மா இருக்காங்க பாருங்க, அவங்க எடுத்துட்டாங்க."

செடிக்காரம்மாவின் இடம் சந்தைக் கோடியில் இருந்தது. குண்டான் முன்வரிசையிலேயே நின்றது. நசுங்கிய காது நன்றாகவே தெரிந்தது. அதற்குள் மண் நிரப்பி, இடுப்பு உயரத்துக்கு ஓர் எலுமிச்சைச் செடி நட்டிருந்தார்கள்.

"அடியில ஆறு ஓட்டை போட்டிருக்கேன், டிரில் வச்சு" என்றாள் செடிக்காரம்மா பெருமையாக. "ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. அலுமினியம் பாருங்க, வெண்ணெய் மாதிரி இறங்குச்சு."

பார்சலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பாதிவிலை குனிந்து அடியைத் தடவிப் பார்த்து, "ஓட்டை சுத்தமா இருக்கு. அடைச்சிடலாம்" என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடைச்சாலும் சமைக்க முடியாது" என்று சேர்த்துக்கொண்டார்.

செடியைப் பிடுங்கிவிட்டுப் பாத்திரத்தை மட்டும் தரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார்கள். இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது, பிடுங்கினால் செத்துவிடும், வேண்டுமென்றால் செடியோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று செடிக்காரம்மா ஒரே பிடியாக நின்றாள். பாதிவிலையின் பேரம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பலிக்கவில்லை. முழு விலை கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"பதினாலு கிலோ" என்றாள் பார்சலம்மா ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

பஸ்ஸில் பாதிவிலை குண்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செடி முன்சீட்டுக்காரரின் காதை ஒவ்வொரு திருப்பத்திலும் தொட்டுத் தொட்டு வந்தது. அவர் நாலு தடவை திரும்பி முறைத்தார். நாலு தடவையும் பாதிவிலை மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பார்சலம்மாவுக்கும் ஒரு மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது, "நேரா பிடிங்க, மண்ணு கொட்டுது" என்றுதான் வந்தது.

வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இன்னும் பதினோரு மணி ஆகவில்லை. அக்கா நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். குளத்தின் அந்தக் கோடியில் மூழ்கிக் கிடக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரல். இரண்டு கையிலும் கறியும் காய்கறியுமாகப் பைகள்.

"காலங்காத்தால எங்கடி போனீங்க ரெண்டு பேரும்? அது என்ன செடி? நல்லா இருக்கே..." என்று ஆரம்பித்தவளின் கண் செடியிலிருந்து கீழே இறங்கி, நசுங்கிய காதில் நின்றது.

பைகளைத் தரையில் வைத்தாள். குனிந்து குண்டானைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். ஆறு ஓட்டையையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அக்காவின் குரல் இறங்கி அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று இறங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னிக்கே சொன்னேன். மாப்பிள்ளை, இது எங்க அம்மாவோடது. உங்களுக்கு இது ஒண்ணுதானா கிடைச்சுது?"

பார்சலம்மா வாயைத் திறப்பதற்குள் பாதிவிலை முந்திக்கொண்டார். "ஆமாக்கா. தப்புதான். மூட்டையில என்ன இருக்குன்னு பாக்காம எடுத்துட்டுப் போயிட்டேன்."

சொல்லிவிட்டு மனைவியை ஒரு பார்வை பார்த்தார். நீ பேசாமல் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

பார்சலம்மா பேசாமல்தான் இருந்தாள். எத்தனை சுகமாக இருந்தது அப்படி இருக்க! வாக்குத் தவறியது அவள் இல்லை என்று ஆகிவிட்டது. அக்கா முன்னால் தலை குனிய வேண்டியதும் இல்லை. எப்போதும் ஏச்சு வாங்குகிறவர் இன்னொரு ஏச்சு வாங்கினால் தேய்ந்தா போய்விடுவார்?

அக்கா அதற்குள் வேகம் பிடித்துவிட்டாள். "மடங்காத குடை, படுத்துக் கிடக்கற கடிகாரம், போன மாசம் பாத்ரூம் குழாயைப் பிரிச்சுப் போட்டு ரெண்டு நாள் தண்ணி இல்லாம இவளைத் தவிக்க விட்டது... எல்லாம் எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. இவ உங்களைக் கட்டிக்கிட்டு என்ன பாடுபடறான்னு எனக்குத்தான் தெரியும்."

எப்படித் தெரியும்? அக்கா இந்த வீட்டுக்கு வருவது வருடத்துக்கு இரண்டு தடவை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவுக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் புலம்பினது யார்? குடையைச் சொன்னவள், அந்த மழையில் அவர் தன் மழைக்கோட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு நனைந்து வந்ததைச் சொன்னாளா? குழாயைச் சொன்னவள், அடுத்த நாள் அவர் லீவு போட்டு நான்கு மாடி ஏறி ஏறித் தண்ணீர் சுமந்ததைச் சொன்னாளா? குறை சொல்லத்தான் போன். நல்லது நடந்தால் அதற்கு எதற்கு போன்? அக்கா மனதில் இருக்கிற இந்த உதவாக்கரை மனிதரை வாரா வாரம் உட்கார்ந்து செய்தவள் அவளேதான். அது புரிந்ததும் பார்சலம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, நிறுத்து" என்றாள். "அவர் இல்ல. நான்."

"என்னடி நீ?"

"நான்தான் குடுக்கச் சொன்னேன். அவர் பிரிச்சுப் பாக்கறேன்னுதான் சொன்னார். நான் கூடாதுன்னுட்டேன். அலமாரி வேணும்னதும் நான். அம்மா குண்டானை மறந்தே போனேன்கா. சத்தியமா நான்தான்."

அக்கா அவளையே பார்த்தாள். கோபம் வரும், குரல் கிளம்பும் என்று பார்சலம்மா தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் கோபம் தனக்கு வேண்டும் என்றுகூட இருந்தது. அக்கா கிட்டே வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"போடி பைத்தியம். பதினோரு வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"அக்கா, நிஜமா நான்தான்! சந்தையில கேட்டுப் பாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தார், எல்லாரும் கேட்டாங்க!"

"சரி, சரி. அழாதே." அக்கா பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். "இருக்கற பாத்திரத்துல ரெண்டு தடவையா வேகவைப்போம், வா." போகிற போக்கில், குண்டானைக் கட்டிக்கொண்டு நின்றவரிடம் சொன்னாள்:

"பாத்தீங்களா மாப்பிள்ளை? உங்களுக்காக இவ பொய்கூட சொல்றா. இனிமேலாவது அவளை நல்லா பாத்துக்குங்க."

"சரிங்கக்கா" என்றார் பாதிவிலை.