மூன்றாம் மாடிப் பாட்டு

சவப்பெட்டி தேவாலயப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது தெருவின் மறுபக்கத்தில் யாரோ பாடத் தொடங்கினார்கள். யூலியா அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். எந்தப் பாட்டு என்பது இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

நானூறு, ஐந்நூறு பேர் இருக்கும். காலை எட்டு மணியிலிருந்து பனிக்குள் நின்றவர்கள். யூலியாவின் அக்கா அனஸ்ரேசியா அந்தக் கூட்டத்துக்கு வெறும் அனா. தமிழ்த் திருப்பலியில் பாடிப் பழகி, நாடறிந்த 'சோல்' இசைப் பாடகியானவள். முப்பத்தொரு வயது, மூன்று அல்பங்கள். போன செவ்வாய்க்கிழமை பேர்கன் நகரில், மாலை நிகழ்ச்சிக்கு ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மேடையிலேயே விழுந்து இறந்துபோனாள். இதயத்தில் பிறவியிலேயே ஒரு குறை இருந்ததாம். விழும்வரை ஒருவருக்கும் தெரியாது.

அவளைப் பெயரெடுக்க வைத்தது இந்தப் பாட்டுத்தான். நோர்வேஜிய மொழியில் அவளே எழுதியது. தாதிப் படிப்பை விட்டுவிட்டுப் பாடப்போகிறேன் என்ற மகளை வெளியே விட்டு ஒரு தாய் கதவைப் பூட்டுகிறாள். மகள் மூன்றாம் மாடிப் படியில் குந்தியிருந்து, உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி பாடக் கற்றுக்கொள்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. நாட்டில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.

ரொம்மன் பகுதியில் அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில் நடந்ததும் அதுதான். அப்போது யூலியாவுக்குப் பதினைந்து வயது. கதவு அறைந்த சத்தத்தை அறைக்குள் இருந்து கேட்டவள். அடுத்த வருடம் நத்தார் பண்டிகைக்கு அனஸ்ரேசியா வந்து மேசையில் இருந்தாள். அம்மா சோறு போட்டாள். பழையதை எவரும் கதைக்கவில்லை. பாட்டு வெளிவந்த பிறகு, அம்மா பக்கத்தில் இருந்தால் யூலியா வானொலியை நிறுத்திவிடுவாள். அம்மாவுக்குத் தெரிந்த நோர்வேஜியம் கடைக்கும் வைத்தியருக்கும் மட்டும் போதுமானது என்று அவள் நினைத்திருந்தாள்.

"காருக்கை ஏறுவம் அம்மா. குளிருது."

அம்மா அசையவில்லை. பாட்டின் கடைசி அடிவரை நின்று கேட்டாள்.

"நல்லாப் பாடுதுகள்," என்றாள்.

"உங்களுக்கு விளங்கினதே?"

"பத்து வருஷமா வயோதிபர் இல்லக் குசினியிலை ரேடியோவிலை போகுது. என்னோடை வேலை செய்யிறவை எல்லாரும் சேர்ந்து பாடுவினம். நான் கரட் வெட்டிக்கொண்டு நிப்பன். விளங்காதே பிள்ளை?"

யூலியா அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்டைக்கு நான் கதவைப் பூட்டேல்லை," அம்மா சொன்னாள். கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வது போல இருந்தது குரல். "அடிச்சுச் சாத்தினனான். அவ்வளவுதான். அவள் தள்ளிப் பாக்கேல்லை."

"அக்காவுக்குச் சொன்னனீங்களே?"

"அந்தப் பாட்டாலைதானே அவளுக்கு எல்லாம் வந்தது. பிறகு என்னெண்டு சொல்லுறது?"

பெட்டியை வண்டிக்குள் ஏற்றி முடித்திருந்தார்கள். அம்மா யூலியாவின் கையை விலக்கிவிட்டுத் தெருவைக் கடந்தாள். முன்வரிசையில் பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி குளிர் ஜாக்கெட்டைத் திறந்துபோட்டபடி அழுதுகொண்டு நின்றாள். அம்மா குனிந்து அந்த ஜாக்கெட்டின் சிப்பைப் பிடித்தாள். பாதியில் துணியில் சிக்கியது. அதை மெதுவாக எடுத்துவிட்டுக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினாள். பிறகு திரும்பி வந்து காரில் ஏறினாள்.