யய்ராவின் கணினி ஒழுங்கான விதம்

யய்ரா இறந்த நாற்பத்தோராம் நாள் அவள் கணவன் செனியோ அவளுடைய கணினியில் முதல் கோப்புறையை உருவாக்கி, 'தையல்' என்று பெயரிட்டு, தையற்காரர்களின் கோப்புகளை எல்லாம் அதற்குள் இழுத்துப் போட்டான். அன்று சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்த முப்பத்தெட்டுத் தையற்காரர்களும் அவரவர் இயந்திரத்தோடு தபால் நிலையத்தின் பின்சுவரோரம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடந்து வந்ததாக யாரும் சொல்லவில்லை. மிதித்துக்கொண்டிருந்தவர்கள் மிதித்தபடியே இருந்தார்கள். ஒரு பெண் மட்டும், பாதி தைத்த பள்ளிச் சீருடையின் இடது கையைத் தேடி, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் பழைய கடைக்கு ஓட வேண்டியிருந்தது.

கணினி இருந்தது வண்டி நிலையத்துக்கு எதிரே, நீலம் அடித்த ஒரு சரக்குப் பெட்டகத்துக்குள். துறைமுகத்தில் கழித்துவிட்ட பெட்டகம். ஒரு பக்கத்தை அறுத்து ஜன்னல் வைத்து, பன்னிரண்டு ஆண்டுகள் அதில் உட்கார்ந்து யய்ரா ஏரிக்கரை முழுவதற்கும் தட்டச்சு செய்தாள். வேலை மனு, சபைப் பாட்டுத்தாள், கல்யாண அழைப்பு, சாவு அறிவிப்பு, ஓடிப்போன கணவனுக்குக் கடைசி எச்சரிக்கை. அச்சடித்த தாளை ஆட்கள் கொண்டுபோவார்கள்; கோப்பு அங்கேயே கிடக்கும். ஊரில் அதை வைத்துக்கொள்ள வேறு இடம் கிடையாது. அவள் கோப்புறை எதையும் உருவாக்கியதில்லை. எல்லாவற்றையும் திரையிலேயே சேமித்தாள். பதினோராயிரத்து நானூறு கோப்புகள், இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக. ஆள் பெயரையும் வைத்ததில்லை, விஷயத்தின் பெயரையும் வைத்ததில்லை. ஊரில் நூற்றைம்பது கோஜோ இருக்கும்போது கோஜோ என்று பெயர் வைத்து யாரைக் கண்டுபிடிப்பது என்பாள். சேமிக்கும் நேரத்தில் கண்ணில் எது படுகிறதோ அதுதான் பெயர். 'மஞ்சள் தலைத்துணி.' 'இடது செருப்பு மட்டும் புதுசு.' 'பல்லிடுக்கில் மீன் முள்.' ஐந்து வருடம் கழித்து ஆள் திரும்பி வந்தாலும், முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கோப்பை எடுத்துவிடுவாள். அவள் மூன்று நாள் காய்ச்சலில் போனபோது, ஊரின் காகிதங்களுக்கு இருந்த ஒரே அட்டவணையும் போயிற்று. அவளுடைய சாவு அறிவிப்பைத் தட்ட ஊரில் அவளைத் தவிர ஆள் இல்லாததால், ஹோ நகரத்தில் கொடுத்து அடித்து வாங்கிவந்தார்கள்.

செனியோ பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன், பட்டம் படித்தவன். மனைவி போனபின் அவன் அழவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், கறுப்புச் சட்டையைத் தினமும் தேய்த்துப் போட்டான். உள்ளே என்ன இருந்தது என்று ஊருக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. கோப்புகளைப் பிரித்து உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, பெட்டகத்தை விற்றுவிட்டு, அக்ராவுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான். படித்தவர்கள் செய்வதுபோல வகைபிரித்தான். காலையில் வந்து உட்கார்ந்தால் நாளுக்கு முந்நூறு கோப்புகளைத் திறந்து பார்த்துப் போடுவான். 'சபைகள்' என்று ஒரு கோப்புறை வைத்த வாரம், ஏழு சபைகளின் ஜனங்களும் ஞாயிற்றுக்கிழமை ஒரே தகரக் கொட்டகைக்குள் இருந்தார்கள். ஏழு பாதிரிகள் ஒரே மேடையில் ஏழு பிரசங்கம் செய்தார்கள். 'சாவு' என்று வைத்தபோது, ஊரெல்லாம் கதவிலும் கம்பத்திலும் ஒட்டியிருந்த சாவு அறிவிப்புகள் அத்தனையும் பள்ளிக்கூடத்தின் நீண்ட சுவருக்கு வந்து, படிக்க வசதியாக அகரவரிசையில் நின்றன. யய்ராவின் அறிவிப்பு மட்டும் வரவில்லை. அது வேறு கணினியில் அடித்தது. பெட்டகத்தின் கதவில் ஒட்டிய இடத்திலேயே இருந்தது.

நாலாயிரம் கோப்புகள் முடிந்தபோது திரையின் ஒரு மூலை காலியானது. அடியில் என்ன படம் இருக்கிறது என்று பன்னிரண்டு வருடமாக யாரும் பார்த்ததில்லை. செனியோ நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டான். வாங்கும்போதே எல்லாக் கணினியிலும் இருக்கிற பச்சை மேடும் நீல வானமும்தான். எதை எதிர்பார்த்தான் என்று அவனால் சொல்ல முடியவில்லை. சிறிது நேரம் மேட்டைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

அந்தத் திங்கட்கிழமைதான், ஊரே டாவி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் மாவுசி வந்தாள். கரையில் மீன் புகையிடும் பெண்களுக்குத் தலைவி. அறுபத்துமூன்று மண் அடுப்புகள், அவற்றை நம்பி அறுபத்துமூன்று வீடுகள். கரையில் ஓட்டல் கட்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்தது. மண்வாரி இயந்திரம் ஏற்கெனவே இலவமரத்தடியில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை அதிகாரி கரைக்கே வந்து விசாரிப்பார். கரை பெண்களுக்குத்தான் என்று பழைய ஊர்த்தலைவர் ஒன்பது வருடத்துக்கு முன் கைநாட்டு வைத்துக் கொடுத்த கடிதம் இருந்தால் அடுப்புகள் நிற்கும். இல்லையென்றால் சனிக்கிழமை இடிப்பார்கள். கடிதம் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை முந்தின வருடத்து ஏரி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தலைவர் வீட்டுப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. தலைவரோ பள்ளிக்கூடச் சுவரில் இருந்தார். ஆனால் அதைத் தட்டியது யய்ரா. அன்றைக்கே கைநாட்டு வைத்தபின் ஸ்கேன் எடுத்து வைத்தவளும் அவள்தான்.

"பாதிரிங்களை ஒரே கொட்டாயில அடைச்சியே, ஊருக்கே நல்ல பொழுதுபோக்கு. போகட்டும். இப்ப எங்க கடுதாசியை எடுத்துக் குடுப்பா" என்றாள்.

"ஃபைலுக்கு என்ன பேரு டாவி?"

"உன் பொண்டாட்டி வச்ச பேரு எனக்கெப்படித் தெரியும்? கட்டிக்கிட்டவன் நீதானே."

தேதியை வைத்துத் தேடலாம் என்று பார்த்தான். கணினியின் உள்மின்கலம் வாங்கும்போதே செத்திருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அதற்கு 2002 ஜனவரி முதல் நாள். பதினோராயிரத்து நானூறு கோப்புகளும் அந்த ஒரே நாளில் பிறந்தவை. ஸ்கேன் எடுத்தது படம் என்பதால் கடிதத்தின் வார்த்தைகளைக் கொண்டும் தேட முடியாது. ஏழாயிரத்துச் சொச்சம் பாக்கி இருந்தது, நான்கு நாளில். ஆகவே, ஒன்பது வருடத்துக்கு முன் கடிதம் தட்ட வந்த, மாவுசி உட்பட நான்கு பெண்களும் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டான். நால்வரும் பெட்டகத்துக்கு வெளியே பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"நான் அன்னைக்கு நீலம்" என்றாள் அக்கூ, நால்வரில் இளையவள்.

"நீலமா? நீலத்துணி நீ எடுத்ததே போன ஈஸ்டருக்கு."

"இது வேற நீலம்."

"உனக்கு ஒரு நீலத்துக்கே வழியில்ல, இதுல வேற நீலமாம்!"

நீலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் திறந்தார்கள். பிறகு சிவப்பு. பிறகு தும்மியது, குடை, கையில் அக்பிளேக் களி ஒட்டியிருந்தது. அக்கூ தான் அன்று கர்ப்பமாக இருந்ததாகச் சொன்னாள். மற்றவர்கள் விரல்விட்டு எண்ணி, அது அடுத்த வருடம் என்றார்கள். வழியில் கம்பெனி ஆளின் விண்ணப்பம்கூடக் கிடைத்தது: 'ஒரு காதுக்கு இரண்டு செல்போன்.' கடிதம் கிடைக்கவில்லை. புதன்கிழமை மண்வாரிக்கு எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் பெட்டகம் வரை கேட்டது. அப்போதுதான், அத்தனை நாளில் முதல்முறையாக, செனியோ மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போகவில்லை. பெண்கள் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

வியாழக்கிழமை பகலில், பொரித்த சின்ன மீனை வாயில் போட்டபடி மாவுசி திடீரென்று சொன்னாள்:

"ஏன்டி, அன்னைக்கு அவ நம்மளைப் பார்க்கவே இல்லையேடி."

"எவ?"

"யய்ராதான். நம்ம கடுதாசியைத் தட்டிக்கிட்டிருக்கா, கண்ணு மட்டும் நமக்குப் பின்னாடி. பின்னாடி ஒருத்தன் நின்னான். ஒல்லியா, கையில சர்டிஃபிகேட் கவரு. ரெண்டு மணி வண்டி போயிடும், ரெண்டு மணி வண்டி போயிடும்னு ஒத்தக்கால்ல குதிச்சான். அவ வேணும்னே ஒரு ஒரு எழுத்தா தட்டுனா."

"போயிடுச்சா வண்டி?"

"போகாம? ஓடிப்போய் தூசியைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தான். அந்த மூஞ்சியை நீ பார்த்திருக்கணுமே, புகையில போட்ட கெளுத்தி மாதிரி..." மாவுசி ஜன்னல் பக்கம் திரும்பினாள். மென்றதை நிறுத்தினாள். "அடப்பாவி. அது நீதானே!"

செனியோ விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். தேடும் கட்டத்தில் 'வண்டியைத் தவறவிட்டவன்' என்று தட்டினான். ஒரே ஒரு கோப்பு வந்தது.

திறந்தால் கடிதம். இலவமரத்திலிருந்து தண்ணீருக்குள் நிற்கும் பிளந்த பாறை வரை, புகையிடும் பெண்களுக்கு, அவர்கள் மகள்களுக்கு, என்று இருந்தது. கீழே தலைவரின் கைநாட்டு. அச்சடித்து எடுத்தபோது அந்தக் கைநாட்டின் மை ஈரமாக இருந்தது. தொட்ட நால்வரின் விரலிலும் ஒட்டியது. ஒரு பிரதி போதும் என்றாலும் அவன் அச்சு இயந்திரத்தை நிறுத்தவில்லை. அடுப்புக்கு ஒன்றாக அறுபத்துமூன்று வந்தபின் அது தானே நின்றது. செனியோ அப்போது அழுதான் என்று அக்கூ சொல்கிறாள். மாவுசி அது புகை என்கிறாள். அச்சான தாள்களிலிருந்து மீன் புகை எழும்பியது உண்மைதான். எதிர்க்கடைக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள்.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு 'கரை' என்று ஒரு கோப்புறை உருவாக்கினான். கடிதத்தின் நகல் ஒன்றை அதில் வைத்தான். மூலக்கோப்பை இருந்த இடத்திலிருந்து அசைக்கவில்லை. அந்தப் பெண்களின் மற்றக் காகிதங்களையும் தேடித்தேடிச் சேர்த்தான்.

"அந்த ரெண்டு செல்போன்காரன் ஃபைலையும் அழிச்சிடு" என்றாள் மாவுசி.

"யய்ரா எதையும் அழிச்சதில்ல டாவி."

"அப்ப தூக்கி எங்கயாவது போடு."

எங்கே போடுவது என்று யோசித்தான். அலுவலகங்களில் எல்லோரும் வைத்திருக்கும் கோப்புறை ஒன்று உண்டு. அதை உருவாக்கி, 'பிறகு பார்க்கலாம்' என்று பெயரிட்டு, உள்ளே போட்டு மூடினான்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வந்தபோது, வெள்ளத்தில் மூழ்கிக் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்த பிளந்த பாறை கடிதத்தில் சொன்ன இடத்தில் தண்ணீருக்கு மேல் நின்றது. அடித்துப்போன நான்கு பழைய அடுப்புகளும் திரும்பியிருந்தன. கம்பிவலையில் மீன் பாதி வெந்திருந்தது. பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போயிருந்த பெண்கள் ஒன்பது பேர், கையில் இருந்த துடைப்பத்தோடும் கரண்டியோடும், தத்தம் அடுப்பின் முன் நின்றார்கள். அதிகாரி நாடா பிடித்து அளந்தார். ஒரு முழம்கூடப் பிசகவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்து, விரலில் ஒட்டிய மையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, கரை இவர்களுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டார். கம்பெனி ஆள் இரண்டு செல்போனையும் காதில் வைத்தபடி மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தான். "பிறகு பார்க்கலாம்" என்றுதான் வந்தது. மறுபடி முயன்றான். அதேதான் வந்தது. மண்வாரி தானே பின்னுக்கு நகர்ந்து, மேட்டில் ஏறி, தார்ச்சாலையைப் பிடித்துப் போனது. ஓட்டுநர் அதன் பின்னாலேயே ஓடினார். ஏழு வருடம் ஆகிறது. ஓட்டல் விஷயத்தைப் பிறகுதான் பார்க்கிறார்கள்.

அன்று பகல் முழுவதும் கரையில் எனாமல் தட்டுகளை மேளம்போலக் கொட்டினார்கள். அறுபத்துமூன்றோடு நான்கும் சேர்ந்து அறுபத்தேழு அடுப்பும் ஒரே நேரத்தில் புகைந்தன. செனியோவை மீன் தட்டில் உட்காரவைத்துப் பெண்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். அவன் கறுப்புச் சட்டை முழுவதும் செதில் ஒட்டி வெள்ளியாக மின்னியது. தபால் நிலையத்துக்குப் பின்னால் முப்பத்தெட்டு இயந்திரங்களும் ஒரே தாளத்தில் ஓடின. ஏழு சபைகளும் கொட்டகையை விட்டு வெளியே வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பாட்டை ஒரே சுருதியில் பாடின. பிறகு யாரும் பிரிந்து போக விரும்பவில்லை. பிரசங்கம் மட்டும் முறைவைத்து.

மீதிக் கோப்புகளையும் பிரித்து முடித்தபின், அடுத்த மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, செனியோ அக்ரா போகப் பெட்டியை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனான். இரண்டு மணி வண்டி அப்போதுதான் கிளம்பியிருந்தது. திங்களன்று முன்னதாகவே போனான்; அவன் சாலையைக் கடப்பதற்குள் வண்டி போய்விட்டது. செவ்வாயன்று வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தான், தண்ணீர்ப் பை வாங்க ஒரு நிமிடம் இறங்கினான். தூசிதான் இருந்தது. நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவர் இதில் ஆச்சரியப்படவில்லை.

"எஃபோ, அண்ணே, உங்க ஃபைல் இன்னும் திரையிலேயே கெடக்குல்ல? தூக்கி ஒரு ஃபோல்டர்ல போட்டுட்டு வாங்க. வண்டி நிக்கும்."

அவன் பெட்டகத்துக்குத் திரும்பி, கணினியைப் போட்டான். பச்சை மேட்டின்மேல் 'வண்டியைத் தவறவிட்டவன்' என்ற அந்த ஒரு கோப்பு தனியாக இருந்தது. மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்தான். ஜன்னலில் ஒரு பெண் தலை நீட்டி, வேலைக்கு ஒரு மனு தட்ட வேண்டும், சீக்கிரம் என்றாள். அவன் கோப்பை விட்டுவிட்டு மனுவைத் தட்டினான். சேமிக்கும்போது கணினி பெயர் கேட்டது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு காதில்தான் தோடு இருந்தது.

'ஒற்றைத் தோடு' என்று வைத்தான்.

அவனுடைய பெட்டி இப்போது மேசைக்கு அடியில் அச்சுத்தாள் வைக்க உதவுகிறது. இரண்டு மணி வண்டி இன்றைக்கும் அவனை விட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது. நிலையப் பதிவேட்டில், வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது என்றே எழுதுகிறார்கள்.