கண்ணாடி மாஸ்டரின் இருபதாவது கோப்பை

இருபத்தாறு வருடத்தில் பத்தொன்பது கோப்பை. மீதி ஏழு வருடத்தைப் பற்றிக் கண்ணாடி மாஸ்டரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், நடுவர்களின் பார்வைக் கோளாறு என்று முடித்துவிடுவார். உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்தில் அவர் அணி என்றாலே மற்றப் பள்ளிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அடுத்த மாதம் ஓய்வு. அதற்குள் இருபதாக முழுசாக்கிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

குறுக்கே நின்றது பெற்ற மகள். எதிர்ப் பள்ளிக்கு அந்த வருடம்தான் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தாள். அப்பாவிடமே பத்து வருடம் கற்றவள், அவர் ரகசியமும் அறிந்தவள். அரங்கத்துக் கூச்சலில் தன் குரல் எடுபடாது என்று அவர் ஒரு சைகை வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தால், எதிராளியின் காலுக்குப் பாய வேண்டும். மற்றப் பயிற்சியாளர்களோ, பாவம் மனுஷனுக்குக் கண் மங்கல் என்று இத்தனை வருடமும் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு அணித் தலைவியைக் கூப்பிட்டார்.

"நான் கண்ணாடியைத் தொடச்சா இனிமே பாயாதே. எதிர்ல இருக்கற பொண்ணு தானா காலைப் பின்னால உதறிக் குப்புற விழுவா. நீ சுத்திப் போய் முதுகைப் பிடிச்சிடு."

"அவ எதுக்கு சார் தானா விழணும்?"

"எம் பொண்ணு விழச் சொல்லுவா. காலுக்குப் பாயறவகிட்டேருந்து தப்பிக்க அதுதானே வழி."

சொல்வது சுலபம். மூன்று வருடப் பழக்கம், கண்ணாடியைத் தொட்டாலே அந்தப் பெண் பாய்ந்தாள். ஐந்தாம் நாள்தான் நின்றாள், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

போட்டியன்று மாஸ்டரின் மனைவி பார்வையாளர் வரிசையில் நட்டநடுவே உட்கார்ந்தாள். "எப்படியும் இன்னிக்கு வீட்ல ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கப் போறீங்க," என்று இருவரிடமும் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

கடைசி ஆட்டம் தொடங்கியபோது இரு பள்ளிகளும் சமம். இருபது விநாடி மீதமிருக்கையில் அணித் தலைவி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தாள். மாஸ்டர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலுக்கு வர்றா, கீழ போ!" என்று மகள் கத்தியது அரங்கத்துக்கே கேட்டது.

அணித் தலைவியின் கால் அரையடி முன்னால் போயேவிட்டது. ஆனால் அவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிராளி குப்புற விழுந்தாள், இவள் சுற்றிப் போய் முதுகைப் பிடித்தாள். இரண்டு புள்ளி. ஆட்டம் முடிந்தது.

மகள் வந்து அப்பாவின் கையைக் குலுக்கினாள். முகம் சிவந்திருந்தது.

"இருபத்தாறு வருஷமா அந்தச் சைகையை மாத்தவே இல்லையேப்பா நீங்க. இன்னிக்கு மட்டும் என்ன?"

"மாத்தற அளவுக்கு இதுவரைக்கும் எதிர்ல யாரும் வரலையேம்மா."

சொல்லி முடிப்பதற்குள் கண் பனித்துக் கண்ணாடி மங்கியது. பெருமை தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, இம்முறை உண்மையிலேயே துடைத்துக்கொண்டார்.

மகள் சட்டென்று ஒரு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.