விருந்துக்கு மொட்டையடித்த தோட்டம்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பார்த்தேன், தொலைபேசியில் சொன்னேன், அத்தோடு என் வேலை முடிந்தது. மொன்றியல் நகரத்தின் வில்லரேப் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடிப் பின்பல்கனியில் நின்றால் பின்சந்து முழுவதும் தெரியும். கௌரியின் தோட்டம் நேர் கீழே. அங்கே நடந்ததை ரொறன்ரோ மச்சாளுக்குச் சொன்னேன். மச்சாள் லண்டனுக்குச் சொன்னாள். லண்டன் யாருக்குச் சொன்னதோ தெரியாது, ஒரு கிழமைக்குள் கதை சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நின்றது.

"உங்கட பக்கத்தில ஆரோ கௌரியாம். காசு குடுக்க வந்த வெள்ளைக்காரியின்ர தலையில கத்தரிக்காய்க் கறியை ஊத்திப்போட்டாவாம். உண்மையோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறியை யாரும் ஊற்றவில்லை. நடந்தது அதைவிட மோசம்.

ஆகவே எழுதுகிறேன். பொய்யைத் திருத்துவதற்காக மட்டும். மற்றபடி அடுத்த வீட்டு விஷயத்தில் எனக்கென்ன அக்கறை? (சிரிக்க வேண்டாம்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"உலக உணவு முறைகள் நெருக்கடியில் இருக்கும் இன்றைய சூழலில், அடித்தட்டு மக்களின் வேளாண் சூழலியல் இயக்கங்களுக்கு நிதியளிப்பது—"

அடித்துவிட்டேன். அது ஹர்ஷினி எழுதிய விண்ணப்பத்தின் வசனம். தமிழ்நாட்டுப் பிள்ளை, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறாள். "வேளாண் சூழலியல்னா பூச்சிமருந்து, உரமூட்டை எதுவும் இல்லாம, இருக்கிற செடி, புழு, குப்பை எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு உதவி பண்ண வைக்கிறது ஆன்ட்டி" என்று கௌரிக்கு விளக்கினாள். "அதுக்கு இவ்வளவு நீளப் பேரோ?" என்றாள் கௌரி. "நான் சும்மா குப்பையை மண்ணுக்குப் போடுறன்."

அடுத்த தொடக்கம்:

"செப்டெம்பர் இளவெயிலில் பயற்றங்கொடிகள் காற்றோடு—"

காற்றோடு என்ன செய்யும்? ஆடும். அதற்கு ஒரு கதை தேவையா?

மூன்றாவது, சுருக்கமாக: காணி பேரின்பநாதனுடையது. மொன்றியல் துறைமுகத்துக்கு லொறி ஓட்டிக் காசு பார்த்த மனுசன். வெறுங்காணியாகக் கிடந்த காலத்தில் "செய்யுங்கோ பிள்ளை" என்று தாராளமாகச் சொன்னவர், இப்போது லொறி பெருகியதும் வாய் மாறிவிட்டார். வரும் வசந்தத்துக்குள் ஐந்து வருட வாடகையை முன்னுக்குக் கட்டினால் தோட்டம், இல்லாவிட்டால் தார் ஊற்றி லொறி நிறுத்துமிடம். சந்தில் உள்ள எந்தக் குடும்பத்தாலும் கட்ட முடியாத தொகை அது. இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு உதவுகிற ஓர் அறக்கட்டளையை ஹர்ஷினி கண்டுபிடித்தாள். விண்ணப்பம் போனது. படங்களைப் பார்த்து மயங்கியவர்கள், நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

இனி வருவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

3.

அவர்கள் வருகிற அன்று காலை தேத்தண்ணிக் கப்போடு பல்கனிக்கு வந்தேன். கீழே தோட்டத்தைக் காணவில்லை.

பந்தல் வெறும் தடியாக நின்றது. கத்தரி இல்லை, கீரை இல்லை, பாகல் இல்லை. பேரின்பநாதன் பொறுக்கமாட்டாமல் இரவோடிரவாக மெஷினைக் கொண்டுவந்து வழித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்ததில் தேத்தண்ணி காலில் ஊற்றுப்பட்டது. பிறகுதான் கவனித்தேன். மண் தண்ணீர் தெளித்துப் படிய வைக்கப்பட்டிருக்கிறது. வாசலில் கோலம். ஸ்டூலில் நிறைகுடம். நடுவில் கௌரி, பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எடியே கௌரி! தோட்டம் எங்கையடி?"

"என்னக்கா, மணக்கேல்லையோ? எல்லாம் அடுப்பில."

"எல்லாமோ?"

"பேந்தென்ன? தோட்டத்தில காய் தொங்க, வாற ஆக்களுக்குக் கடையில வாங்கியே கறி வைக்கிறது? நல்ல கதை."

"கொடியையுமே பிடுங்கினனீ?"

"காய் இல்லாத கொடி வடிவில்லையக்கா, வாடிப்போய்க் கிடக்கும். செவ்வந்தியைக் குடத்துக்குக் கட்டிப்போட்டன். வைக்கோலும் மீன்குப்பையும் கராஜுக்குப் பின்னால. அந்த நாத்தத்துக்கு நடுவில ஆக்களை நிப்பாட்டேலுமே?"

மண் காயாமல் மூடிக்கிடந்த வைக்கோல். மீன்கடைக் கழிவும் கோப்பித் தூளும் போட்டுப் புழு வளர்த்த குப்பைமேடு. பூச்சி வராமல் கத்தரிக்கு நடுவே நட்ட செவ்வந்தி. விண்ணப்பத்தில் ஹர்ஷினி பக்கம் பக்கமாகப் பெருமையடித்தவை இவைதான். அவர்கள் பார்க்க வருவதும் இவற்றைத்தான். வெள்ளைக்கார ஆட்கள் வருகிறார்கள் என்று கௌரி அத்தனையையும் குப்பை என்று கூட்டி ஒளித்துவிட்டாள். மிஞ்சியது ஒரே ஒரு கொடி. விதைக்கு விட்ட காயில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சிவப்புத் துணி கட்டி விட்டிருந்தாள்.

(இங்கே ஒரு சந்தேகம் எனக்கு. கௌரி அவ்வளவு மொக்கா, விபரம் தெரியாதவளா? கார்டெரி என்கிற பகல்நேரக் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டு, ஐந்து வருடத்தில் இந்தக் குளிருக்குள் பயற்றை முளைக்க வைத்தவள். ஒரு பாத்திரமாக எடுத்தால் இது பொருந்தவில்லை, நம்பமாட்டீர்கள். மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். பிறகு என்னையே கேட்டேன்: எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால், தினமும் இருக்கிற கதிரையை அறைக்குள் தள்ளிவிட்டு, தினமும் இல்லாத வீட்டைத்தானே காட்டுகிறோம்? மாற்றவில்லை.)

4.

அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர். மிரேய் என்ற பெண்தான் பெரியவர். கூட ஒரு தாடிக்காரர். அவர்களைக் கூட்டிவந்த ஹர்ஷினி சந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ ஆன்ட்டி! என்ன பண்ணி வச்சிருக்கீங்க? அவங்க பாக்க வந்ததே அதைத்தானே!"

"பாக்கிறதென்ன பிள்ளை, சாப்பிட்டால் தெரியாதோ மண் நல்லதோ கெட்டதோ எண்டு?"

மிரேய் வெறும் மண்ணைப் பார்த்தார். நிறைகுடத்தைப் பார்த்தார். நெற்றியில் பொட்டு வைக்க வந்த கிருபானந்தனைப் பார்த்தார். (கிருபானந்தன், கௌரியின் புருஷன். தோட்டத்தில் ஒரு செடிக்குத் தண்ணி ஊற்றி நான் பார்த்ததில்லை, ஆனால் தோட்டச் சங்கத்துக்குத் தலைவர். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "வெளிவேலை எல்லாம் நான்தானே பாத்தனான், அதை எழுதேல்லையோ?" என்று கேட்டார். எழுதிவிட்டேன்.)

"தோட்டம் எங்கே?" என்று மிரேய் பிரெஞ்சில் கேட்டார்.

ஹர்ஷினி மேசையைக் காட்டினாள்.

மேசை நிறையத் தோட்டம் இருந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய் வறை, பாகற்காய்க் குழம்பு, கீரைக் கடையல், தக்காளிச் சொதி. சந்தே வந்து நின்றது. நானும் கீழே இறங்கி வந்து நின்றேன். காணிக்காரர் என்ற முறையில் பேரின்பநாதன் ஏற்கெனவே ஒரு கோப்பை நிறையச் சோறு கறி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தாடிக்காரர் ஆவலாக ஒரு கதிரையை இழுத்தார். மிரேய் அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, ஹர்ஷினியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ஹர்ஷினியின் முகம் செத்துப்போனது.

"ஆன்ட்டி... அவங்க சாப்பிடக் கூடாதாம். பணம் கேக்குறவங்க கிட்ட எதுவும் வாங்கிக்கக் கூடாதுன்னு ரூல். ஒரு டம்ளர் ஜூஸ்கூட."

"விரதமோ?" என்றார் கிருபானந்தன்.

"ரூல் அங்கிள்."

அதோடு விட்டிருந்தால் கதை தப்பியிருக்கும். கௌரியின் முகத்தைப் பார்த்த மிரேய்க்கு மனம் பொறுக்கவில்லை. நல்ல மனசோடுதான், உண்மையில் நல்ல மனசோடுதான், கைப்பையைத் திறந்து, காசு கொடுத்துச் சாப்பிடலாமா என்று கேட்டார்.

பேரின்பநாதன்கூட மெல்லுவதை நிறுத்தினார். வீட்டுக்கு வந்த ஆள், கோப்பைக்கு முன்னால் நின்று, காசை எடுக்கிறார்! என் காது சுட்டது. என் கறிகூட அல்ல அது.

ஹர்ஷினி சமாளித்து மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். கௌரி கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியும். ஆனால் அது கார்டெரியில் மூன்று வயதுப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய பிரெஞ்சு. மரியாதை, சுற்றிவளைப்பு, 'தயவுசெய்து' எதுவும் அதில் கிடையாது. அந்தப் பிரெஞ்சில், மிரேயின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ என்ர கையால வாங்கமாட்டாய். அப்ப நானும் உன்ர கையால வாங்கமாட்டன். காசு வேண்டாம். வீட்டை போ."

5.

இந்த இடத்தில் ஒரு பெரிய வசனம் எழுதினேன்: "கொடுப்பவர் வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில்—"

விட்டுவிட்டேன். கௌரி சொன்னதைவிட அது நீளம். நியாயமாகப் பார்த்தால் மிரேயின் சட்டமும் பிழையில்லை. சாப்பாடு போட்டுக் காரியம் பார்க்கிற ஆட்களை நமக்குத் தெரியாதா? நான் பெயர் சொன்னால் இந்தக் கதை இன்னும் நாலு பக்கம் போகும். ஆனால் மண்ணுக்கு வைக்கோல், கத்தரிக்குச் செவ்வந்தி, எல்லாம் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிப் பிழைக்கிற இடம் என்று சொல்லித்தான் அந்தத் தோட்டத்துக்கு நிதி. அதைக் கொடுக்க வந்தவர் மட்டும் வாங்கக்கூடாது. இதில் ஏதோ ஒன்று இடிக்கிறது. என்ன என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. [பிறகு பார்க்க.]

அவர்கள் போனார்கள். தாடிக்காரர் வறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"வாயைக் கொஞ்சம் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்" என்றார் கிருபானந்தன்.

"நீங்கள் பொத்திக்கொண்டுதானே இருந்தியள்."

"இனித் தார்தான் தங்கச்சி" என்ற பேரின்பநாதன், கோப்பையை நீட்டி, "அந்தப் பால்கறியில இன்னும் கொஞ்சம்" என்றார். கௌரி போட்டாள். எனக்கு அதுதான் நம்பமுடியவில்லை. நிறையவே போட்டாள்.

எல்லோரும் போன பிறகு, கூட்டித் துடைத்த அந்த மண்ணில் பட்டுச்சேலையோடு குந்தி இருந்து அழுதாள். மேலே இருந்து பார்த்தேன். அதை நான் மச்சாளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்கக் கூடாது.

6.

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் அறக்கட்டளை மனம் மாறிக் காசு அனுப்புகிறது. பேரின்பநாதன் ரிப்பன் வெட்டுகிறார். கிருபானந்தன் பேசுகிறார். கிருபானந்தனுக்கு இது மிகவும் பிடித்தது. எனக்கு வாந்தி வந்தது.

இரண்டாவதில் ஏப்ரலில் தார் லொறி வருகிறது. கௌரி என் பல்கனிக்கு வந்து நின்று பார்க்கிறாள். இது நடக்கக்கூடியது. நடக்கக்கூடியது என்பதாலேயே எழுதக் கை வரவில்லை. "கறுப்பாக, ஆவி பறக்க, அது மெதுவாக—" என்பதுவரை வந்து நிற்கிறது.

மூன்றாவது ஒன்றை யோசித்துக்கொண்டு இன்றைக்கு, சனிக்கிழமை மத்தியானம், பல்கனியில் குந்தியிருக்கிறேன். கீழே ஒரு சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது.

பொறுங்கள்.

7.

மிரேய். தனியாக. வேலை உடுப்பு இல்லை, பழைய காற்சட்டை. கௌரி பின்கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். வெட்டிய அடியிலிருந்து திரும்பத் தளிர்த்த கீரை ஒரு பிடி கையில் இருக்கிறது.

பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார் மிரேய். அதனால் மேலே நிற்கிற எனக்கும் விளங்குகிறது. நீ வேண்டாம் என்று சொன்னதை நான் அறிக்கையில் எழுதவில்லை, உன் விண்ணப்பக் கோவை இன்னும் திறந்துதான் இருக்கிறது. திங்கட்கிழமை குழு கூடுகிறது, உங்களுக்காகப் பேசப்போவது நான் ஒருத்திதான். தாடிக்காரர் என் பக்கம் சாய்வார், நான் இல்லாவிட்டால் சாயமாட்டார்.

"அதைச் சொல்லவே வந்தனீ?" என்கிறாள் கௌரி.

இல்லை. சாப்பிட வந்தேன், என்கிறார் மிரேய். நீ சொன்னது அன்றிலிருந்து என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் உன் மேசையில் ஒரு வாய் சாப்பிட்டாலும் குழுவுக்குச் சொல்லிவிட்டு நான் விலகவேண்டும். பொய் சொல்லமாட்டேன். உள்ளே வா என்று நீ சொன்னால் வருகிறேன். போ என்றால், திங்கட்கிழமை உனக்காகப் பேசுகிறேன். எது என்று நீயே சொல்லு.

வாசலில் பசியோடு நிற்கிற ஒரு மனிசி. அவள் பின்னால் ஐந்து வருட மண். கௌரி அந்தப் பெண்ணைப் பார்க்கிறாள், மண்ணைப் பார்க்கிறாள், பிறகு, கடவுளே, அண்ணாந்து என்னைப் பார்க்கிறாள்.

"அக்கா! அங்கை நிண்டு எல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறியள். ஊரெல்லாம் சொல்லுற வாயால எனக்கும் ஒண்டு சொல்லுங்கோவன். கோப்பை வைக்கவோ, வேண்டாமோ?"

இந்தச் சந்தில் எனக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் இதுவரை ஒன்றும் இருந்ததில்லை. வாயைத் திறக்கிறேன், ஒரு சொல்லும் வரவில்லை.

நீங்கள் வாசித்துக்கொண்டு சும்மாதானே இருக்கிறீர்கள். நீங்கள் சொல்லுங்கள். சட்டென்று. அவள் இன்னும் அண்ணாந்துகொண்டு நிற்கிறாள்.