திருப்பி அனுப்பிய கேமரா

கீறல் என்று சொன்னால் கீறல்தான். இல்லை என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. கேமராவின் அடிப்பக்கம், ஸ்டாண்டில் திருகும் ஓட்டைக்குப் பக்கத்தில், தலைமுடி கனத்தில் ஒரு கோடு. ஸ்டிராப் மாட்டும் வளையத்தின் ஓரத்தில் கடுகில் பாதியளவுக்குக் கறுப்புப் பூச்சு உதிர்ந்து, உள்ளே இருந்த உலோகம் மினுங்கியது. வெளிச்சத்தில் ஒரு மாதிரி சாய்த்துப் பிடித்தால்தான் இரண்டும் தெரியும். தினகரன் நேற்று மாலையிலிருந்து அப்படிச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படம் நல்லா வருதா இல்லியா?" என்று கேட்டாள் அவன் மனைவி ஜெயப்ரியா. பட்டுப்புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள் அவள். மெஷினை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"வருது. படத்துக்கு ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் இன்னாங்க? கல்யாணத்துக்கு வர்றவங்க கேமராவுக்கு அடியில குனிஞ்சா பாக்கப்போறாங்க?"

"புதுசுன்னு சொல்லி வாங்கினது புதுசா இருக்கணுமில்ல?"

அவனுக்கு அது பெரிய விஷயம்தான். பதினேழு வயதில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கப் போனவன். இன்றுவரை அவன் கையில் இருந்த கேமராக்கள் எல்லாமே யாரோ பயன்படுத்தி அலுத்துப்போய்க் கைமாற்றியவை. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில், மோதிரம் மாற்றும் நேரத்தில், பழைய கேமராவின் ஷட்டர் சிக்கிக்கொண்டது. அதைச் சென்னைக்கு சர்வீஸுக்கு அனுப்பிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக டப்பா பிரிக்காத கேமரா ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். அதிலும் யாரோ தொட்ட தடம் இருந்தால் எப்படி இருக்கும் அவனுக்கு?

ஜெயப்ரியா கடைசியாக ஒருமுறை சொன்னாள். "உங்க கண்ணுக்கு மட்டும்தாங்க அது தெரியுது. வச்சுக்கோங்க."

அவன் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஸ்டுடியோவுக்குப் போனதும் ரிட்டர்ன் போட்டுவிட்டான். மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு வேறு ஒன்று தருவதாகப் பதில் வந்தது. சோதனைக்காகச் சுவரையும் மின்விசிறியையும் எடுத்திருந்த படங்களை அழித்து, பிளாஸ்டிக் உறையை முன்பு மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து, கேமராவை டப்பாவுக்குள் வைத்தான்.

அவன் ஸ்டுடியோ கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அஜித் படியேறி வந்தான். தினகரன் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருப்பவன். வீட்டிலேயே தறி. போன வருடம் அவனுக்கும் அபிநயாவுக்கும் கல்யாணம் நடந்தபோது ஆல்பம் போட்டுக் கொடுத்தது தினகரன்தான். அபிநயா நிறைமாதம் என்பதும் அவளை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்பதும் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி.

"வாப்பா, இன்னா குழந்த?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தவன், அஜித்தின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"பொண்ணுணா. காலையில பொறந்துது. இப்ப இல்லணா."

அஜித் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான். அபிநயாவுக்கு ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்த கையோடு, நினைவு திரும்பாத நிலையிலேயே அவளைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவளுடைய அம்மா கூடப் போயிருக்கிறாள். குழந்தை மட்டும் இங்கே இருந்தது. மதியம் வரை மூச்சு இருந்தது. இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் வேகவதி ஆற்றங்கரைக்குப் புதைக்கக் கொண்டுபோகப் போகிறார்கள்.

"அபி இன்னும் மொகத்தக்கூட பாக்கலணா. கண்ணு முழிச்சு கேட்டா நான் இன்னாத்த காட்டுவேன்? போன்ல எடுத்துப் பாத்தேன். கை நிக்கல, எல்லாம் ஆடிப்போச்சு. நீ வந்து எடுத்துக் குடுணா."

தினகரன் மேசையைப் பார்த்தான். மேசைமேல் அந்த டப்பா மட்டும்தான் இருந்தது. தன் போனிலேயே எடுத்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் இதற்கென்று ஒருவன் படியேறி வந்து நிற்கும்போது போனை நீட்ட மனம் வரவில்லை. டப்பாவைப் பிரித்தான்.

வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அழுகைச் சத்தம் இல்லை. உள்ளே தறி இருந்த அறையில், தறிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடத்தில், அஜித்தின் அம்மா இந்திராணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில், அவள் குளிப்பாட்டி வாத்துப் படம் போட்ட துண்டில் சுற்றியிருந்த குழந்தை. கேமராவைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"எதுக்குடா இதெல்லாம்?"

"நீ சும்மா இரும்மா," என்றான் அஜித்.

ஆயிரக்கணக்கான முகங்களைப் படமெடுத்தவன் தினகரன். 'கொஞ்சம் திரும்புங்க', 'தாடைய எறக்குங்க', 'சிரிங்க' என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே எடுப்பதுதான் அவன் வழக்கம். இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னான். அஜித் குழந்தையை வாங்கி வெளிச்சத்தில் ஏந்திக்கொண்டான். தினகரன் முழங்காலிட்டு கேமராவைக் கண்ணில் வைத்தான். குழந்தையின் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டதற்கு அடையாளமாக, கேமரா அந்த முகத்தின்மேல் ஒரு சின்னச் சதுரம் போட்டுக் காட்டியது. உயிருள்ள முகத்துக்கும் மற்றதுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. தினகரன் கேமராவை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வைத்தான்.

முகத்தை எடுத்தான். அஜித்தின் கட்டைவிரலோடு சேர்த்து அதன் கையை எடுத்தான். பிறந்த குழந்தைக்கு நகம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. இடது காது மேல்பக்கம் கொஞ்சம் மடிந்திருந்தது. அதையும் தனியாக எடுத்தான். துண்டை விலக்கிப் பாதங்களைக் காட்டியபோது இந்திராணி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

வெளியே வந்தபோது வாசலில் நின்றிருந்த பெண்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கினார்கள் என்று பட்டது.

அவன் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. மெஷின் ஓடவில்லை. ஜெயப்ரியா தைத்துக்கொண்டிருந்த புடவையை மடித்து ஓரமாக வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் புது கேமராவுலயா எடுத்தீங்க?"

"வேற எது இருக்குது?"

அவன் குளித்துவிட்டு வந்து, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னான்.

"ரிட்டர்ன் வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். நீ சொன்ன மாதிரி அது ஒரு கீறலா? வச்சுக்கலாம்."

"வேணாம். அனுப்பிடுங்க."

"நேத்து நீதானே வச்சுக்கச் சொன்ன?"

"நேத்து சொன்னேன்."

"சாவு வீட்ல எடுத்துட்டேன்னு பாக்கறியா? மனுசன் செத்தா போட்டோ எடுக்கறது இல்லியா?"

"நீங்க போனது தப்புன்னு நான் சொன்னனா?" ஜெயப்ரியாவின் குரல் உயரவில்லை. "என்னக் கேட்டிருந்தா நானே போங்கன்னு சொல்லியிருப்பேன். ஆனா அதுல மொதல்ல எடுத்த மொகம் அந்தக் குழந்த மொகம். அத இங்க கொண்டாந்து அலமாரியில வச்சுட்டு, தெனம் காலையில நான் அதப் பாத்துக்கினு இருக்கணுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டாவது முறை ஐந்தாம் மாதம். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓடிவிட்டது. வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்பது யாரும் சொல்லாமலே ஏற்பட்ட பழக்கம்.

"எனக்கு யாரும் எதையும் காட்டல," என்றாள் அவள். "துணியில சுத்தி எடுத்துக்கினு போயிட்டாங்க. ஆணா பொண்ணான்னு கேட்டேன். நர்ஸம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கும்மான்னு சொல்லிட்டாங்க."

இது அவனுக்குத் தெரியாது. ஆறு வருடமாகத் தெரியாது.

அதற்கு மேல் அவன் வாதாடவில்லை. கேமராவைத் திருப்பி அனுப்பினால் அந்தக் குழந்தையையே ஆகாத பொருளாகத் தள்ளிவிட்டது போல இருக்கும் என்பது அவன் மனதில் இருந்தது. அதை இவளிடம் எப்படிச் சொல்வது? கேமராவின் மெமரி கார்டை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் மதியம் ஸ்டுடியோவுக்குப் பாலாஜி வந்தான். அந்தத் தெருக்களுக்கெல்லாம் பார்சல் கொண்டுவருபவன். கேமராவைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான். திரும்ப எடுக்கும் பொருளைப் பிரித்துப் பார்த்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, மேசைமேல் வைத்துப் பிரித்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கணா டேமேஜ்? ஒண்ணும் காணமே."

தினகரன் நகத்தை வைத்துக் காட்டினான். "இங்க பாரு. இந்தக் கோடு. இந்த வளையத்துல பெயிண்ட் போயிருக்குது பாரு."

பாலாஜி கேமராவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தான். பிறகு தினகரனை ஒருமாதிரியாகப் பார்த்தான்.

"இதுக்காணா?"

"இதுக்குத்தான்."

"படம் நல்லா வருதில்ல?"

"வருது," என்றான் தினகரன். "நல்லாவே வருது. நீ எடுத்துக்கினு போப்பா."

பாலாஜி தோளைக் குலுக்கிவிட்டு, கீறலைத் தன் போனில் படம் பிடித்தான். மூன்று முறை எடுத்தும் கோடு படத்தில் விழவில்லை. நான்காவது முறை விழுந்தது. டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். அந்தக் கீறல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன காரணம் சொல்லி அனுப்பியிருப்போம் என்று யோசித்தபடி தினகரன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரக் கடைசியில் இந்திராணி ஸ்டுடியோவுக்கு வந்தாள். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தவள் சுற்றி வளைக்கவில்லை.

"தினா, அந்தப் போட்டோவ அழிச்சிடுப்பா. அபிக்கு நெனவு வந்துடுச்சு. இன்னும் பத்து நாள்ல வீட்டுக்கு வந்துடுவா. இதப் பாத்தா அவ தாங்கமாட்டா. இன்னொண்ணு பொறந்தா எல்லாம் மறந்துடும்."

"அஜித் இன்னா சொல்றான்?"

"அவன்கிட்டயும் பேசிட்டேன். உன் இஷ்டம்னு சொல்லிட்டான். சின்னப் புள்ளைங்க, அதுங்களுக்கு இன்னா தெரியும்?" அவள் கண் கலங்கியது. "நான்தான்பா மடியில வச்சுக்கினு இருந்தேன். நான் பாத்தது போதும். அவ வேற பாக்கணுமா?"

அவள் கெட்டவள் இல்லை. அதனால்தான் அவளிடம் மறுத்துப் பேச முடியவில்லை.

"அழிச்சிட்டேம்மா," என்றான் தினகரன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். படங்கள் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அழிக்க அவனால் முடியவில்லை.

மாற்று கேமரா வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. ஜெயப்ரியா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். கல்யாணங்கள் வரிசையாக வந்தன. தினகரன் ஓடி ஓடி எடுத்தான். புதுசு வாங்கினால் வரும் என்று எண்ணியிருந்த சந்தோஷம் மட்டும் எதனாலோ வரவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை வேளையில் அபிநயா தனியாக வந்தாள். கல்யாண ஆல்பத்தில் இருந்தவள்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இளைத்திருந்தாள்.

"பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கணும்ணா. பேங்க்ல கேட்டாங்க."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அழிச்சிட்டீங்கன்னு அத்த சொன்னாங்க. நெஜமாவாணா?"

தினகரனால் பொய் சொல்ல முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "உக்காரும்மா. பாக்கறியா? பாக்கணும்னு கட்டாயம் இல்ல."

"பாக்கத்தான் வந்தேன்."

படத்தைத் திறந்து கொடுத்துவிட்டு அவன் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். கீழே ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. புடவைக் கடைக்காரர் யாரையோ உள்ளே வரும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வெகுநேரம் கழித்து அவள் குரல்தான் வந்தது.

"இந்தக் காத கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டுங்கணா."

வந்து பெரிதாக்கிக் காட்டினான்.

"எங்கப்பா காது," என்றாள். "அவருக்கும் இப்பிடித்தான் மடிஞ்சிருக்கும்." விரலைத் திரையருகே கொண்டுபோனவள் தொடாமல் இழுத்துக்கொண்டாள். "குளிப்பாட்டினாங்களாணா?"

"ஆமாம்மா. உங்க அத்ததான் குளிப்பாட்டினாங்க."

"எங்கிட்ட அதக்கூட சொல்லல."

பிரிண்ட் போட்டுத் தரட்டுமா என்று கேட்டான். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"வீட்ல வச்சா விடமாட்டாங்க. இங்கயே இருக்கட்டும்ணா. மாசத்துக்கு ஒருதரம் வந்து பாத்துட்டுப் போறேன். ஒண்ணும் நெனச்சுக்கமாட்டீங்களே?"

"எப்ப வேணா வாம்மா."

பிறகு பாஸ்போர்ட் போட்டோவை உண்மையிலேயே எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் காட்ட வேண்டுமே. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் லைட்டைப் போட்டான். நேராகப் பார் என்று சொன்னதற்கு நேராகப் பார்த்தாள். அச்சுப் போட்டு உறையில் வைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அபிநயாவை அவள் அம்மா தன் ஊரான திருமுக்கூடலுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டதாக ஜெயப்ரியாதான் ஒருநாள் சொன்னாள். அஜித் மட்டும் தறியில் உட்கார்ந்திருந்தான். வழியில் பார்த்தால் "இன்னாணா" என்பான்; அதற்கு மேல் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அந்த வருடக் கடைசியில் கம்ப்யூட்டர் தகராறு செய்ய ஆரம்பித்தது. முழுதாகச் செத்துப்போவதற்குள் இருப்பதைக் காப்பி எடுத்துவிட வேண்டும் என்று தினகரன் உட்கார்ந்தான். சாப்பாடு கொண்டுவந்த ஜெயப்ரியா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கல்யாணப் படங்களையெல்லாம் விட்டுவிட்டு அவன் முதலில் எடுத்துப் பத்திரப்படுத்தியது எதை என்று அவள் பார்த்தாள். திரையில் அந்த மடிந்த காது தெரிந்தது. டப்பாவைத் திறந்து சோற்றைத் தட்டில் போட்டாள்.